கால்டிகாட்: பாட்டு சொல்லாததை வரைந்தவர்

‘ஹே டிடில் டிடில்’ என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஆறே வரிதான். பூனை ஃபிடில் வாசிக்கும், பசு நிலாவைத் தாண்டும், குட்டி நாய் சிரிக்கும், கடைசியில் தட்டு கரண்டியோடு ஓடிப்போகும். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது. 1882-ல் இந்தப் பாட்டுக்குப் படம் போட்ட ராண்டால்ஃப் கால்டிகாட் அங்கே நிறுத்தவில்லை. தட்டும் கரண்டியும் ஓடும் படத்தைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பினால், எழுத்தே இல்லாத சின்னக் கோட்டோவியம் ஒன்று வருகிறது. தட்டு துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. கரண்டியை ஒரு பக்கம் முள்கரண்டியும் மறுபக்கம் கத்தியும் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அம்மாவும் அப்பாவும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

அர்த்தமே இல்லாத ஒரு பாட்டு, அந்த ஒரு படத்தால் காதலும் தண்டனையும் உள்ள கதையாகிவிட்டது. அதற்கு முன்பும் குழந்தைப் புத்தகங்களில் அழகான படங்கள் இருந்தன. பெரும்பாலும் அவை எழுத்து சொன்னதையே இன்னொரு முறை காட்டின. எழுத்தில் இல்லாத ஒரு சம்பவத்தைப் படமே நடத்தி முடிப்பதும், அதைப் பக்கத்தைத் திருப்பும் கணத்துக்காக ஒளித்து வைப்பதும் கால்டிகாட்டிடம்தான் ஒரு முழு முறையாக உருவானது. நவீனப் படப்புத்தகம் இவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் பெரிய படக்கதைக் கலைஞர் மோரிஸ் செண்டாக் அடித்துச் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. இத்தனைக்கும் அவர் செய்தவை தலா ஒரு ஷில்லிங் விலையில் பதினாறு மெல்லிய புத்தகங்கள். அவற்றுக்கு எடுத்துக்கொண்டது எட்டு ஆண்டு. மொத்தம் வாழ்ந்தது 39 ஆண்டு.

கால்டிகாட் 1846 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் பிறந்தார். அப்பா தொப்பி, துணி வியாபாரி. மகன் சின்ன வயதிலேயே மிருகங்களை வரைந்தான், மரத்தில் செதுக்கினான், களிமண்ணில் செய்தான். ஆனால் அதைப் பிழைப்பாக நினைக்கும் வீடு அல்ல அது. குழந்தையாக இருந்தபோது வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தைப் பலவீனப்படுத்திவிட்டிருந்தது. 1861-ல், பதினைந்து வயதில், பள்ளியை விட்டுப் பக்கத்து ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் விட்சர்ச் என்ற சிற்றூருக்கு வங்கிக் குமாஸ்தாவாகப் போனார். அதே ஆண்டு செஸ்டரில் ரயில்வே ஹோட்டல் தீப்பிடித்து எரிந்ததை அவர் வரைந்த படம் லண்டனின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையில் வெளிவந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் படம் அதுதான்.

விட்சர்ச்சில் கழித்த ஆறு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் சட்டென்று கடந்துவிடுகின்றன. எனக்கு அவைதான் முக்கியமாகத் தெரிகின்றன. ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் தங்கியிருந்தார். குதிரை ஏறப் பழகினார், மீன் பிடித்தார், சந்தைக்கும் வேட்டைக் கூட்டத்துக்கும் போனார். வங்கி வேலையாகவே குதிரையிலோ வண்டியிலோ பண்ணைகளுக்குப் போக வேண்டியிருந்தது. விவசாயி வேலிமேல் சாய்ந்து பேசும் விதம், சந்தையில் பன்றியை இழுத்துப் போகும் ஆளின் நடை, குதிரை மிரளும்போது அதன் காதுகள் பின்னால் படியும் கோணம் எல்லாம் கண்ணில் பதிந்தது அங்கேதான். பின்னால் அவர் போட்ட எந்தப் படப்புத்தகத்தைத் திறந்தாலும் வேலி, வாய்க்கால், மேட்டில் ஒரு தேவாலயக் கோபுரம், ஓடும் வாத்துகள் என்று அந்த நாட்டுப்புறமே விரிகிறது.

1867-ல் மான்செஸ்டர் வங்கி ஒன்றுக்கு மாறினார். பகலில் பேரேடு, மாலையில் மான்செஸ்டர் கலைப்பள்ளியில் வகுப்பு. உள்ளூர் நகைச்சுவை இதழ்களில் படங்கள் வரத் தொடங்கின. தாமஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற ஓவியர் இவரை லண்டன் பத்திரிகை ஆசிரியர் ஹென்றி பிளாக்பர்னுக்கு அறிமுகப்படுத்தினார். அங்கேயும் படங்கள் விலைபோகின்றன என்று தெரிந்ததும், 1872-ல், இருபத்தாறாவது வயதில், வங்கி வேலையை விட்டு லண்டனுக்குக் குடிபோனார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே அறை. பறவைகளை வரைவதற்காக அவற்றின் எலும்புக்கூடுகளைப் பார்த்து வரைந்தார். பிரெஞ்சுச் சிற்பி ஷூல் தாலுவிடம் களிமண் வேலை கற்றுக்கொண்டார். பதிலுக்கு, ஆங்கிலம் தடுமாறிய தாலுவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஓவியர் லெய்ட்டன் பிரபு தன் லண்டன் வீட்டில் கட்டிய அரபு மண்டபத்துத் தூண்களின் தலைப்பகுதியில் உள்ள பறவை உருவங்கள் கால்டிகாட் வடிவமைத்தவை. அவர் ‘சும்மா கிறுக்கும்’ ஆள் என்ற தோற்றம் அவருடைய படங்களின் இலகுவால் வருகிறது. அந்த இலகுவுக்கு அடியில் எலும்பும் தசையும் தெரிந்த ஒரு கை இருந்தது.

பெயர் வந்தது வாஷிங்டன் இர்விங்கின் எழுத்திலிருந்து தொகுத்த ‘ஓல்ட் கிறிஸ்துமஸ்’ புத்தகத்தால். மாக்மில்லன் பதிப்பகம் 1875 இறுதியில் அதை வெளியிட்டது. நூற்றுக்கும் மேல் படங்கள். பழைய நாட்டுப்புற மாளிகை, பனி, கோச்சு வண்டி, விருந்து என்று கால்டிகாட்டுக்குக் கைவந்த விஷயங்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் எட்மண்ட் எவான்ஸ்.

எவான்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. லண்டன் ஃப்ளீட் தெருவை ஒட்டி அச்சகம் வைத்திருந்த மரச்செதுக்குக் கலைஞர் அவர். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கான மலிவுப் படப்புத்தகங்களுக்கு ‘டாய் புக்’ என்று பெயர். சில பக்கங்கள், பளிச்சென்ற வண்ணம், பெரும்பாலும் அலட்சியமான அச்சு. மலிவு என்பதற்காக அசிங்கமாக இருக்க வேண்டியதில்லை என்று எவான்ஸ் நம்பினார். நல்ல ஓவியரைப் பிடித்து, கவனமாக அச்சிட்டு, பெரிய எண்ணிக்கையில் போட்டால் கட்டுப்படியாகும் என்பது அவர் கணக்கு. 1860களின் நடுவிலிருந்து வால்டர் கிரேனை வைத்து அதைச் செய்தும் காட்டினார். கிரேன் அந்த வேலையிலிருந்து ஒதுங்கியபோது இடம் காலியானது. எவான்ஸ் கால்டிகாட்டைத் தேடிப் போனார்.

ஒப்பந்தம் விசித்திரமானது. செதுக்கும் செலவு, காகிதம், அச்சு எல்லாம் எவான்ஸ் பொறுப்பு. புத்தகம் விற்றால் கால்டிகாட்டுக்குச் சின்ன ராயல்டி. விற்காவிட்டால் ஒன்றும் கிடையாது. வெளியீடு ஜார்ஜ் ரவுட்லெட்ஜ். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு புத்தகம். 1878-ல் முதல் ஜோடி வந்தது: ‘ஜாக் கட்டிய வீடு’, ‘ஜான் கில்பின்’. ஒவ்வொன்றும் முதலில் 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அச்சகத்தால் கேட்பவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் முதல் அச்சே 100,000 என்றானது.

அச்சிட்ட முறை படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தது. கால்டிகாட் சாதாரணக் காகிதத்தில் பேனாவும் மையும் வைத்து வரைவார். அதைப் புகைப்பட முறையில் மரக்கட்டையின் மேல் பதித்து, கோடு கோடாக அப்படியே செதுக்குவார்கள். அடர்பழுப்பு மையில் ஒரு மாதிரி அச்செடுத்து கால்டிகாட்டுக்கு அனுப்புவார்கள். அவர் அதன்மேல் வண்ணம் தீட்டித் திருப்பி அனுப்புவார். அந்த வண்ணத்தைப் பார்த்து எவான்ஸ் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்குவார்: முகம், கைகளுக்கான சதை நிறம் ஒன்று, சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல். கோட்டுக்கான கட்டையோடு சேர்த்து ஆறு. ஒரே தாள் ஆறு முறை அச்சுக்குள் போய் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் நிறம் இம்மி பிசகாமல் தன் இடத்தில் விழ வேண்டும். நூறாயிரம் பிரதி என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விவரம் வேறொன்று. வண்ணப் பக்கங்களுக்கு இடையே வெற்றுப் பக்கங்கள் விழுந்தால் புத்தகம் மெலிந்து தெரியும். ஆகவே அந்த இடங்களையும் சின்னச் சின்னக் கோட்டோவியங்களால் நிரப்பினால் என்ன என்று எவான்ஸ் யோசனை சொன்னார். கொடுத்த காசுக்குப் புத்தகம் கனமாகத் தெரிய வேண்டும் என்ற வியாபார யோசனைதான் அது. கால்டிகாட் அதைப் பிடித்துக்கொண்டார். பழுப்பு மையில் அச்சான அந்த அவசரக் கோட்டோவியங்களில்தான் அவருடைய மேதைமை முழுதாக வெளிப்பட்டது. வண்ணப் படம் பாட்டின் வரியைக் காட்டும். அதைச் சுற்றியிருக்கும் கோட்டோவியங்கள் அந்த வரிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று சொல்லிக்கொண்டே போகும்.

‘ஜாக் கட்டிய வீடு’ பாட்டைப் பாருங்கள். எலி மால்ட்டை (முளைகட்டிய தானியத்தை) தின்றது, பூனை எலியைக் கொன்றது, நாய் பூனையைப் படுத்தியது, பசு நாயைத் தூக்கி எறிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போட்ட வரிகள். வாயால் சொல்லும்போது தாளம் தவிர வேறு எதுவும் இல்லை. கால்டிகாட் ஒரு வரியைப் பல படங்களாக உடைத்தார். நடுவில் எழுத்தில்லாத படங்களைச் செருகினார். ‘கொன்றது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பதுங்கல், பாய்ச்சல், அதற்குப் பிறகு வரும் திருப்தி எல்லாம் தனித்தனியாக வந்துவிட்டன. சினிமா பிறக்கக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு இருந்த காலம் அது. ஒரு காட்சியை எங்கே வெட்டுவது, எதை அடுத்த பக்கத்துக்கு ஒத்திப்போடுவது என்ற அறிவு அவரிடம் அப்போதே தெளிவாக இருந்தது.

‘ஜான் கில்பின்’ வில்லியம் கூப்பர் 1782-ல் எழுதிய நகைச்சுவைப் பாட்டு. லண்டன் துணிக்கடைக்காரர் ஒருவர் திருமண நாளைக் கொண்டாட இரவல் குதிரையில் எட்மண்டனுக்குக் கிளம்புகிறார். குதிரை நிற்காமல் எட்மண்டனைத் தாண்டி வேர் என்ற ஊர்வரை போய், அங்கிருந்து திரும்பி மறுபடியும் நிற்காமல் லண்டனுக்கே ஓடி வந்துவிடுகிறது. தொப்பி போகிறது, பொய்முடி போகிறது, இடுப்பில் கட்டிய மது ஜாடிகள் உடைகின்றன. குதிரையேறத் தெரிந்த ஒருவர்தான் குதிரையேறத் தெரியாத ஒருவரை இப்படி வரைய முடியும். கில்பின் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார், மேலங்கி பின்னால் பறக்கிறது, வாத்துகள் நாலாபக்கமும் சிதறுகின்றன. குதிரையின் நான்கு கால்களும் எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே இருக்கின்றன. சிரிப்பு வருவது அந்தத் துல்லியத்தால்தான்.

சிரிப்பைத் தாண்டிய ஓர் இடமும் அவரிடம் உண்டு. ‘பேபி பன்ட்டிங்’ ஒரு தாலாட்டு: அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார், குழந்தையைப் போர்த்த முயல் தோல் கொண்டு வருவார். கால்டிகாட்டின் படத்தில் அப்பா வேட்டை உடுப்போடு மிடுக்காகப் புறப்படுகிறார். வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை, கடைசியில் தோலைக் கடையில் வாங்கி வருகிறார். பாட்டில் இந்த ஏமாற்றத்தின் சுவடே கிடையாது. அப்புறம் கடைசிப் படம். முயல் தோலுக்குள், மேலே நீட்டிய காதுகளோடு, குழந்தை அம்மாவுடன் நடந்து போகிறது. சரிவில் உயிரோடு இருக்கும் முயல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. குழந்தை அவற்றையே உற்றுப் பார்க்கிறது. தான் எதைப் போர்த்தியிருக்கிறோம் என்று அதற்கு அந்த நேரத்தில் புரிகிறதா, இல்லையா? கால்டிகாட் பதில் சொல்லவில்லை. குழந்தையின் கண்ணுக்கு அவர் வைத்தது ஒரே புள்ளி. செண்டாக் இந்தப் படத்தைப் பற்றி வியந்து எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த ஒரே புள்ளிதான் அவருடைய கலைக் கொள்கையும். எதை விட்டுவிடுவது என்பதை ஒரு விஞ்ஞானமாகவே அவர் பயின்றார் என்று நண்பர் பிளாக்பர்ன் 1886-ல் எழுதிய நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார். கோடு குறையக் குறையத் தப்பும் குறையும் என்பது கால்டிகாட்டின் எண்ணம். விக்டோரியா காலச் சித்திரக்காரர்கள் பக்கம் முழுக்க நிழல் கோடு போட்டு நிரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. வால்டர் கிரேனின் பக்கங்கள் சுவர் அலங்காரம்போலச் செறிந்தவை. கால்டிகாட்டுக்கு ஐந்து நாள் முன்னால் பிறந்த கேட் கிரீன்அவேயின் குழந்தைகள் அழகான உடையில் அசையாமல் நிற்பார்கள். மூவரையும் அச்சிட்டவர் எவான்ஸ்தான், ஆகவே மூவரையும் ஒன்றாகவே பேசுவது வழக்கம். ஆனால் ஓடுவதும் விழுவதும் மூச்சிரைப்பதும் கால்டிகாட்டின் பக்கங்களில் மட்டும்தான். வெள்ளைத் தாளைக் காலியாக விட்டதால்தான் அவருடைய உருவங்களுக்கு ஓட இடம் கிடைத்தது.

குறை சொல்லவும் இடம் உண்டு. அவருடைய உலகம் அவர் வாழ்ந்த உலகம் அல்ல. பாத்திரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் திரிகிறார்கள். கூப்பர், கோல்ட்ஸ்மித் போன்றவர்களின் பழைய பாட்டுகளையும் வாய்வழிப் பாட்டுகளையும் எடுத்துக்கொண்டதால் அது இயல்பாகப் பொருந்தியது. அப்படியிருந்தும், ஐந்து ஆண்டு வாழ்ந்த மான்செஸ்டரின் புகைபோக்கிகளும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளும் இந்தப் புத்தகங்களுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. ரயில் ஓடும் நாட்டில் கோச்சு வண்டிகளை வரைந்தார். தொழில் நகரங்களில் வாழ்ந்த அன்றைய வாசகர்களுக்கு அந்த ஏக்கம்தான் பிடித்திருந்தது. வேட்டையும் அதிகம். நரியை நாய்கள் துரத்துவது இன்றைய பெற்றோரைத் தயங்க வைக்கும். 1879-ல் வந்த ‘காட்டில் விடப்பட்ட குழந்தைகள்’ புத்தகத்தில் பெற்றோர் சாகிறார்கள், அப்புறம் பிள்ளைகளும் சாகிறார்கள். அதை அவர் கொஞ்சமும் மழுப்பவில்லை. குழந்தைகளிடம் மரணத்தை மறைக்காத அந்த நேர்மையை நான் குறையாக எண்ண மாட்டேன்.

1880-ல் மரியன் பிரிண்டை மணந்தார். கென்ட் மாவட்டக் கிராமத்தில் ஒரு வீடு, பின்னர் சர்ரேயில் ஒன்று. குழந்தைகள் இல்லை. எழுத்தாளர் ஜூலியானா ஈவிங்கின் கதைகளுக்கும், ‘தி கிராஃபிக்’ இதழுக்கும், ‘பிரெட்டன் ஃபோக்’ என்ற பயண நூலுக்கும் படம் வரைந்தார். ராயல் அகாடமியில் ஓவியமும் புடைப்புச் சிற்பமும் வைத்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. குளிர்காலம் வந்தால் தெற்கே வெயில் தேடிப் போக வேண்டியிருந்தது. 1885 இறுதியில் கடைசி இரண்டு படப்புத்தகங்களை முடித்துக் கொடுத்துவிட்டு மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே பார்ப்பதை ‘தி கிராஃபிக்’குக்கு வரைந்து அனுப்புவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு அங்கே கடும் குளிர். வெயிலுக்காகப் போன ஃப்ளோரிடாவிலும் குளிர் விடவில்லை. 1886 பிப்ரவரியில் செயின்ட் அகஸ்டின் நகரில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் சிற்பி ஆல்ஃபிரட் கில்பர்ட் செய்த நினைவுச் சின்னம் இருக்கிறது.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் பெரிய பெயர் பீட்ரிக்ஸ் பாட்டர். அவருடைய அப்பா கால்டிகாட்டின் மூலப் படங்களை விலைக்கு வாங்கிச் சேர்த்தவர், ஆகவே பாட்டர் அவற்றை வீட்டுச் சுவரிலேயே பார்த்து வளர்ந்தார். கால்டிகாட்டைப்போல வரைய முயன்றதாகவும் அந்தச் சாயலை எட்டவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதினார். கோட்டுப் போட்ட தவளை பெண் பார்க்கப் போவதைக் கால்டிகாட் 1883-ல் வரைந்திருக்கிறார். மனித உடையிலும் தவளை தவளையாகவே இருக்கிறது. கடைசியில் வாத்து அதை விழுங்கியும் விடுகிறது. பாட்டரின் மிருகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். குழந்தைப் புத்தக உலகத்துக்கு வெளியிலும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிரெஞ்சு ஓவியர் கோகன் கால்டிகாட்டின் வாத்துப் படங்களைக் காட்டி, இதுதான் சித்திரத்தின் உண்மையான உயிர் என்று புகழ்ந்ததை ஓவியர் ஹார்ட்ரிக் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்று அவர் பெயரைப் பெரும்பாலோர் கேள்விப்படுவது ஒரு விருதின் வழியாக. புத்தக வணிக இதழாசிரியர் ஃபிரெடரிக் மெல்ச்சர் யோசனைப்படி அமெரிக்க நூலகச் சங்கம் சிறந்த படப்புத்தக ஓவியருக்கு ஆண்டுதோறும் கால்டிகாட் பதக்கம் தருகிறது. முதல் பதக்கம் 1938-ல் டோரதி லாத்ரப்புக்குக் கிடைத்தது. பதக்கத்தின் ஒரு முகத்தில் கில்பினின் குதிரை பாய்கிறது, மறுமுகத்தில் சுட்ட பணியாரத்துக்குள் இருபத்து நான்கு கருங்குருவிகள். அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே உரிய விருது அது. தன் மண்ணில் புதைக்கப்பட்ட ஓர் ஆங்கிலேயரை அந்த நாடு இப்படி எடுத்துக்கொண்டது எனக்கு நிறைவாகவே இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், விருது பெற்ற புத்தகங்களின் அட்டையில் அந்தத் தங்க முத்திரையைப் பார்த்தவர்களில் மிகச் சிலரே அவருடைய ஒரு புத்தகத்தையாவது முழுதாகப் பார்த்திருப்பார்கள்.

பார்ப்பது கடினமும் இல்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இந்தப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் ‘மூன்று வேட்டைக்காரர்கள்’ பாருங்கள்: நாள் முழுக்கச் சுற்றியும் ஒன்றும் பிடிக்காத மூன்று பேர், வழியில் சோளக்கொல்லை பொம்மையையும் சாணைக்கல்லையும் பன்றியையும் பார்த்து, அது என்ன என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். எழுத்தை ஒரு முறை மட்டும் படியுங்கள். அதன்பின் எழுத்தை மறந்து, குதிரைகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே பக்கங்களை மறுபடி திருப்புங்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால் திருப்பும் வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள். எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.